கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத பட்டறைக்கு அப்ரண்டிஸ் எதற்கு?

கோவை கணபதியிலோ அம்பத்தூரிலோ ஒசூரிலோ சிறுதொழில் நடத்துபவரிடம் பேச்சுக் கொடுத்தால், ஜி.எஸ்.டி.க்கும் மின்கட்டணத்துக்கும் அடுத்தபடியாக வரும் புலம்பல் ஒன்றுதான்: வேலை தெரிந்த ஆள் கிடைப்பதில்லை. அதே தொழிற்பேட்டையின் வாசலில் ஐ.டி.ஐ. சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு நிற்கும் இளைஞர்களுக்கும் ஒரு புலம்பல் உண்டு. போகும் இடமெல்லாம் அனுபவம் கேட்கிறார்கள்; யாரும் உள்ளே விடாமல் அனுபவம் எங்கிருந்து வரும்? இந்த இரண்டு குறைகளையும் ஒருசேரத் தீர்ப்பதற்காகவே நாட்டில் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் என்று ஒன்று 60 ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. அதை முழுதாகப் படித்துப் பார்த்த உரிமையாளர்கள் மிகக் குறைவு.

படிக்காததன் விளைவை இரண்டு விதமாகப் பார்க்கலாம். சிலருக்கு அப்ரண்டிஸ் என்பது அரசாங்கம் தலையில் கட்டும் சுமை; போர்ட்டலில் எண்ணிக்கையைக் காட்டிவிட்டால் போதும். வேறு சிலருக்கு அது குறைந்த செலவில் கிடைக்கும் கை. எந்திரத்தில் நிறுத்தலாம், லோடு ஏற்றச் சொல்லலாம், ஆண்டு முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த ஆளை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வழியிலும் உரிமையாளருக்கு வேலை தெரிந்த ஆள் கிடைக்கப் போவதில்லை. ஐந்து ஆண்டு கழித்தும் அவர் இதே புலம்பலோடுதான் இருப்பார்.

இந்தியாவில் இதற்கான முதல் சட்டம் ஆங்கிலேயர் ஆட்சியில் 1850-ல் வந்தது. அநாதைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் ஏதாவதொரு தொழிலில் சேர்த்துவிடுவதே அதன் நோக்கம். சுதந்திர இந்தியா 1961-ல் இயற்றிய சட்டம் தருமச் சிந்தனையை விட்டுவிட்டு, தொழிற்சாலைக்குத் தேவையான திறனாளிகளைத் தொழிற்சாலையே உருவாக்க வேண்டும் என்ற எண்ணத்தின் மேல் எழுந்தது. 1973-ல் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் இதற்குள் வந்தார்கள். 1986-ல் தொழிற்கல்விப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவர்கள் சேர்ந்தார்கள். 2014-ல் பெரிய திருத்தம் வந்தது. கலை, அறிவியல் பட்டதாரிகளுக்கும் கதவு திறந்தது. விதியை மீறும் உரிமையாளருக்கு இருந்த சிறைத் தண்டனை நீக்கப்பட்டு அபராதம் மட்டும் நின்றது.

இன்றைய நிலையில், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். நான்கு முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு இது விருப்பம். ஐ.டி.ஐ. மாணவர்களுக்குத் தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் போர்ட்டலும், பட்டதாரி, டிப்ளமோக்காரர்களுக்குத் தனிப் போர்ட்டலும் உள்ளன. பின்னதைத் தென் மாநிலங்களுக்காகக் கவனிப்பது சென்னை தரமணியில் உள்ள பயிற்சி வாரியம். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பழகுநர் 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும்.

உதவித்தொகை பற்றிப் பல உரிமையாளர்கள் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். 2019-ல் திருத்தப்பட்ட விதிகள், கல்வித் தகுதியைப் பொறுத்து மாதம் ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை வகுத்தன. இந்தத் தொகைகளை 36 விழுக்காடு உயர்த்தலாம் என்று மத்தியத் தொழிற்பழகுநர் மன்றம் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. இவை குறைந்தபட்சத் தொகைகள். அதற்கு மேல் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. தென்காசியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ அம்பத்தூருக்கு வந்து அறை எடுத்துத் தங்கும் பையனுக்கு விதிப்படியான தொகை வாடகைக்கும் மெஸ்ஸுக்குமே சரியாகப் போய்விடும். பாதியில் ஓடிவிட்டான் என்று பின்னால் குறைபடும் முதலாளி, அவன் எந்தச் செலவில் எப்படித் தங்கியிருந்தான் என்று ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். ஊக்குவிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் ரூ.1,500 வரை, மத்திய அரசு ஏற்கிறது. 2023 முதல் அது நேராகப் பழகுநரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. அரசின் பங்கு வரத் தாமதமானாலும் நிறுவனத்தின் பங்கு மறுமாதம் 10-ம் தேதிக்குள் சேர்ந்தாக வேண்டும்.

இதுவரை சொன்னதை ஒரு நல்ல கணக்காளரோ கன்சல்டன்டோ உரிமையாளருக்குச் சொல்லிவிடுவார். அவர் பெரும்பாலும் சொல்லாமல் விடும் மூன்று பிரிவுகள் சட்டத்துக்குள் இருக்கின்றன. சட்டத்தின் உயிரே அவற்றில்தான் இருக்கிறது.

பிரிவு 13, பழகுநருக்குப் பீஸ் ரேட் கணக்கில் பணம் தரக் கூடாது என்கிறது. உற்பத்தி போனஸ், இன்சென்டிவ் போன்ற எதிலும் அவரை ஈடுபடுத்தக் கூடாது. எத்தனை பீஸ் எடுத்தாய் என்ற கேள்வியே அவரிடம் எழக் கூடாது என்பது பொருள். அவரிடம் கேட்க வேண்டியது, எத்தனை பீஸைச் சரியான அளவில் எடுத்தாய் என்பதும், ரிஜெக்ட் ஆனது ஏன் ஆனது என்பதும்தான். பிரிவு 15, ஓவர்டைம் பற்றியது. தொழிற்பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் பழகுநரைக் கூடுதல் நேரம் நிறுத்தக் கூடாது. அந்த ஆலோசகரும், பயிற்சிக்கு நன்மை என்றாலோ பொதுநலன் இருந்தாலோ மட்டுமே ஒப்புதல் தர முடியும். அவசர ஆர்டர் வந்துவிட்டது என்பது அந்த இரண்டிலும் சேராது.

மூன்றாவது, பிரிவு 11. பழகுநருக்கு அவருடைய தொழிலைக் கற்றுத்தருவது உரிமையாளரின் கடமை. உரிமையாளருக்கே அந்தத் தொழிலில் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரைப் பயிற்சிக்குப் பொறுப்பாக நியமிக்க வேண்டும். சட்டமே இப்படிச் சொல்லியும், பெரும்பாலான பட்டறைகளில் அந்தப் பொறுப்பாளர் யார் என்று கேட்டால் பதில் வராது. “எல்லாரும் சொல்லிக்கொடுப்பாங்க” என்பார்கள். எல்லாரும் என்றால் யாரும் இல்லை.

இந்த ஓர் ஆளின் முக்கியத்துவத்தை ஜெர்மனி பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே 1969-ல் வந்த தொழிற்கல்விச் சட்டத்தின் கீழ் 300-க்கும் மேற்பட்ட தொழில்களில், வாரத்தில் சில நாள் பள்ளி, மற்ற நாள் நிறுவனம் என்ற முறையில் இளைஞர்கள் பயில்கிறார்கள். பழகுநரை எடுக்கும் நிறுவனத்தில், கற்பிக்கும் முறையில் தேர்வெழுதித் தேறிய பயிற்றுநர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. பயிற்சி இடங்கள் போதாமல் போனபோது, இந்த விதியைத் தளர்த்தினால் இன்னும் பல நிறுவனங்கள் முன்வரும் என்று நினைத்து 2003-ல் அதை நிறுத்திவைத்தார்கள். பயிற்றுநர் தகுதி இல்லாத நிறுவனங்களில் பாதியில் விலகும் பழகுநர்கள் அதிகம் என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. 2009 ஆகஸ்டில் விதி திரும்ப வந்தது. தொழிற்பயிற்சியில் உலகம் முன்மாதிரியாகப் பார்க்கும் நாடே, கற்றுக்கொடுக்கும் ஆளை விட்டுவிட்டு இடங்களை மட்டும் பெருக்கப் பார்த்து, ஆறே ஆண்டில் பின்வாங்கியது.

நம் பட்டறைகளில் அந்த ஆள் பெரும்பாலும் 20, 25 ஆண்டு லேத்தில் நின்ற மூத்த டர்னராகவோ ஃபிட்டராகவோ இருப்பார். அவருக்குத் தெரியாத வேலை இருக்காது. ஆனால், அவர் கற்றுத்தர மாட்டார். அதற்கு அவர் மனம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. அவருக்கு ஷிப்டுக்கு இத்தனை என்று டார்கெட் இருக்கிறது. பையனுக்கு டூல் பிட்டைத் தீட்டும் கோணத்தைக் காட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றால் அவருடைய இன்சென்டிவ் போய்விடும். பையன் ஒரு ஜாப்பைக் கெடுத்தால் திட்டு அவருக்கு விழும். இன்னொரு பயமும் உண்டு: நாம் தொழிலைச் சொல்லிக்கொடுத்தால், நாளை நம் சம்பளத்தில் பாதிக்கு இவனை நிறுத்திவிட்டு நம்மை அனுப்பிவிடுவார்களோ? பல இடங்களில் அது வீண் பயமும் இல்லை.

ஆகவே, முதல் பழகுநரை எடுக்கும் முன் உரிமையாளர் பேச வேண்டியது இந்த மூத்தவரிடம். கற்றுத்தரும் நாட்களில் அவருடைய டார்கெட்டைக் குறைக்க வேண்டும். பயிற்சிப் பொறுப்புக்கு என்று மாதப்படி ஒன்று தர வேண்டும். அவர் வேலைக்கு ஆபத்து இல்லை என்பதை வாயால் சொல்வதோடு நில்லாமல், ஃபோர்மேன், பயிற்றுநர் என்று அவருக்கு மேலே போக ஒரு படியைக் காட்ட வேண்டும். இதற்கு ஆகும் செலவு, ஆண்டு முழுவதும் ஸ்கிராப்பில் போகும் உலோகத்தின் விலையோடு ஒப்பிட்டால் சிறியது.

கற்றுத்தருவதற்கும் ஒரு வரிசை வேண்டும். ஐ.டி.ஐ.யில் படித்து வந்தவர் பலருக்கு, மைக்ரோமீட்டரை அழுத்திப் பிடித்தால் அளவு மாறும் என்ற கை உணர்வு இருக்காது. டிராயிங்கில் டாலரன்ஸ் எழுதியிருக்கும் இடத்தைப் பார்க்கும் பழக்கம் இருக்காது. முதல் சில வாரங்களை அளப்பதற்கும் வரைபடம் படிப்பதற்கும் ஒதுக்கும் பட்டறையில், பின்னால் ரிஜெக்‌ஷன் குறையும். கழிவு உலோகத்தில் பழகவிட்டு, பிறகு விலை குறைந்த ஜாப், அதன் பிறகு விலை உயர்ந்த ஜாப் என்று ஏற்ற வேண்டும். லேத்தில் மட்டுமே ஓராண்டு நின்றவர் டர்னர் ஆவதில்லை. அந்த ஓர் எந்திரத்தின் ஆபரேட்டர் ஆகிறார். மில்லிங், கிரைண்டிங், தரச்சோதனை என்று சுற்றிவரச் செய்ய வேண்டும். பயிற்சியின் முன்னேற்றத்தைப் பதிவேட்டில் எழுதிவைக்கச் சட்டம் சொல்கிறது. ஆய்வாளருக்காக ஆண்டுக் கடைசியில் ஒரே பேனாவில் எழுதி நிரப்பும் சடங்காக அது ஆகிவிட்டது. வாரம் ஒருமுறை பழகுநரும் பயிற்றுநரும் உட்கார்ந்து எழுதினால், யார் எதில் பின்தங்கியிருக்கிறார் என்பது உரிமையாளருக்கு அந்த ஏட்டிலிருந்தே தெரியும்.

வகுப்பறைப் பாடத்துக்கும் இடம் உண்டு. அதற்குப் போகும் நேரத்தையும் உதவித்தொகைக்குரிய வேலை நேரமாகவே சட்டம் கணக்கிடுகிறது. பழகுநர் வகுப்புக்கும் தேர்வுக்கும் போனால் உற்பத்தி நின்றுவிடும் என்று எந்த நிறுவனமாவது சொன்னால், அங்கே இருப்பவர் பழகுநர் இல்லை, குறைந்த கூலித் தொழிலாளி என்று முடிவு செய்துவிடலாம். இதைக் கண்டுபிடிக்க வேறு விசாரணை தேவையில்லை.

அப்படியானால் உற்பத்தியில் அவரை ஈடுபடுத்தவே கூடாதா? சுவிட்சர்லாந்தின் அனுபவம் இதற்குப் பதில் தருகிறது. அங்கே பயிற்சிக் காலத்துக்குள்ளேயே சராசரி நிறுவனம் போட்ட பணத்தை மீட்டுவிடுகிறது என்றும், ஜெர்மனியிலோ பயிற்சி முடியும்போது சராசரி நிறுவனத்துக்குச் செலவே மிஞ்சுகிறது என்றும் இரு நாடுகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் கூறின. சுவிஸ் நிறுவனங்கள் பழகுநர்களுக்கு நிஜ வேலையைக் கொடுத்தன. காலம் செல்லச் செல்லத் தேர்ந்த தொழிலாளி செய்யும் வேலையையே கொடுத்தன. ஒரே சுலபமான வேலையை ஆண்டு முழுவதும் செய்யவைப்பதற்கும் மேன்மேலும் கடினமாகும் வேலைகளைக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் லாபமும் இருக்கிறது, கல்வியும் இருக்கிறது. ஜெர்மன் நிறுவனங்களும் நஷ்டத்துக்காக இதைச் செய்யவில்லை. பயிற்சி முடித்தவரைத் தாங்களே வேலைக்கு எடுத்துக்கொள்வதால், வெளியில் ஆள் தேடி, எடுத்து, பழக்கும் செலவு மிச்சம். முதல் ஆறு மாதம் கை கடிக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளாத உரிமையாளருக்கு இந்த மிச்சம் எக்காலத்திலும் கிடைக்காது.

தமிழ்நாட்டுக்கு இதில் கசப்பான வரலாறு ஒன்று உண்டு. மேற்கு மாவட்டத்து நூற்பாலைகள் அதை மறக்கக் கூடாது. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் தென் மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களை அழைத்துவந்து, அப்ரண்டிஸ் என்று ஏட்டில் எழுதி, மூன்றாண்டு விடுதியில் வைத்து வேலை வாங்கினார்கள். கல்யாணச் செலவுக்கு உதவும் என்று சொல்லப்பட்ட மொத்தத் தொகை, காலம் முடிந்தால்தான் கைக்கு வரும். இடையில் நோய்வாய்ப்பட்டுத் திரும்பிய பெண்கள் வெறுங்கையோடு போனார்கள். 2011-லும் 2014-லும் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட ஆய்வறிக்கைகளால் இது உலக ஜவுளிச் சந்தையில் பேசுபொருளானது. வெளிநாட்டு நிறுவனங்கள் ஆலைகளிடம் கேள்வி கேட்கத் தொடங்கின. அந்தப் பெண்கள் கற்ற தொழில் என்ன, எந்தச் சான்றிதழோடு வெளியே வந்தார்கள் என்ற கேள்விக்கு இன்றுவரை கௌரவமான பதில் இல்லை. இதற்கிடையே 2013-ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ‘நீம்’ என்ற பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. நிரந்தரத் தொழிலாளர் இடத்தில் பயிற்சியாளர்களை நிறுத்த அது வழிசெய்கிறது என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 2022-ல் அது கைவிடப்பட்டது.

சட்டம் பழகுநரைத் தொழிலாளி என்று கருதுவதில்லை என்பது உண்மை. வருங்கால வைப்புநிதியும் இ.எஸ்.ஐ.யும் அவருக்குப் பொருந்தாது. இதை மிச்சமாகப் பார்க்கும் உரிமையாளர் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வேலையில் காயம்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு முழுவதும் நிறுவனத்தின் மேல் விழுகிறது, இ.எஸ்.ஐ. மருத்துவமனை கைகொடுக்காது. விபத்துக் காப்பீடு எடுக்காமல் பழகுநரை எந்திரத்தின் அருகே விடுவது, அந்த இளைஞருக்கும் ஆபத்து, சிறு நிறுவனத்தின் நிதிக்கும் ஆபத்து. வாகன உதிரிபாகத் தொழிலில் விரலையும் கையையும் இழப்பவர்களைப் பற்றி ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிடுகிறது. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் எந்திரம் பவர் பிரஸ். சென்சார் இல்லாத, இருந்தும் வேகத்துக்காக அணைத்துவைக்கப்பட்ட பவர் பிரஸ்ஸில் பயிற்சி இல்லாத 19 வயதுப் பையனை இரவு ஷிப்டில் நிறுத்துவது குற்றம். அதற்கு வேறு பெயர் இல்லை.

பெண் பழகுநர்களை எடுக்கும் இடங்களில் கழிவறையும் உடை மாற்றும் அறையும், அவர்கள் சேரும் நாளுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். இதைக்கூட எழுத வேண்டியிருப்பது வருத்தம்தான்.

பயிற்சி முடிந்த பிறகு வேலை கொடுத்தாக வேண்டுமா? கட்டாயம் இல்லை. ஆனால் பழகுநர்களை வேலைக்கு எடுப்பதற்கான கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 2014 திருத்தம். மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் நேரடியாக வருபவரைவிடப் பயிற்சி பெற்ற பழகுநருக்கு முன்னுரிமை என்று உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. ரயில்வே தன்னிடம் பயின்றவர்களுக்குக் கடைநிலைப் பணிகளில் 20 விழுக்காடு இடம் ஒதுக்குகிறது. தனியார் பட்டறை அவ்வளவு செய்ய முடியாமல் போகலாம். பத்துப் பேரில் எத்தனை பேருக்கு இடம் இருக்கும், எதை வைத்துத் தேர்ந்தெடுப்போம் என்பதைச் சேரும் நாளிலேயே நேர்மையாகச் சொல்ல முடியும். “நல்லா பண்ணு, பார்க்கலாம்” என்று ஓராண்டு இழுத்தடித்துக் கடைசி வாரத்தில் கைவிரிப்பது இளைஞரின் ஓராண்டைத் திருடுவதற்குச் சமம். எடுக்க முடியாவிட்டாலும், தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழுக்கான தேர்வை எழுதவைத்து அனுப்புவது நிறுவனத்தின் குறைந்தபட்சக் கடன்.

நான்கைந்து பேர் மட்டும் வேலை செய்யும் கடைகளால் இதெல்லாம் முடியுமா என்ற கேள்வி நியாயமானது. ஒரு கடையில் லேத் மட்டும், பக்கத்துக் கடையில் மில்லிங் மட்டும் என்பதுதான் கோவையின் அமைப்பே. பல உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து, பழகுநரைத் தங்கள் பட்டறைகளுக்கிடையே மாற்றி மாற்றிப் பயிற்றுவிக்கச் சட்டம் இடம் தந்திருக்கிறது. நிறுவனம் நொடித்துப்போனால், அந்த ஒப்பந்தத்தை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றவும் வழி இருக்கிறது. தொழில் சங்கங்கள் வலுவாக உள்ள ஊரில் இந்தப் பிரிவுகள் ஏட்டிலேயே தூங்குவது பெரிய இழப்பு. 1926-ல் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை தொழிற்கூடம் தொடங்கி, உற்பத்தி நடக்கும் இடத்திலேயே தொழில் கற்பித்த ஊர் இது. பட்டறையில் செய்து கற்பதுதான் பொறியாளரை உருவாக்கும் என்று வாதாடிய ஜி.டி.நாயுடுவின் ஊர் இது. 1945-ல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் அவர் முன்னின்று தொடங்கிய கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பத்துப் பட்டறைகள் கூடி, ஓய்வுபெற்ற ஒரு நல்ல டர்னரைப் பயிற்றுநராகச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்வது இந்த ஊருக்கு எட்டாத காரியம் இல்லை.

மாநில அரசும் தன் பங்கைச் செய்யத் தொடங்கியிருக்கிறது. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து ரூ.2,877 கோடியில் நவீனப்படுத்தும் திட்டத்தால் சி.என்.சி.யும் ரோபோவும் மாணவர் கைக்கு எட்டுகின்றன. அங்கிருந்து வெளியே வருபவரை, எடுபிடியாகவோ பேக்கிங் செய்பவராகவோ ஓராண்டு வைத்திருந்தால் அந்த முதலீடு முழுவதும் பாழ்.

ஆகவே உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு போர்ட்டலில் எத்தனை இடம் என்று நிரப்புவதற்கு முன், கற்றுத்தரப் போகிறவரின் பெயரையும், அவருக்குக் குறைக்கப் போகும் டார்கெட்டையும், அவருக்குத் தரப் போகும் படியையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் என்றால் அந்த ஆளைத் தேடி அமர்த்திவிட்டு எடுங்கள். சின்னப் பட்டறை என்றால், அந்தப் பெயர் கிடைக்கும்வரை எடுக்காதீர்கள்.